பொது வாயிலும் தனி வாயிலும்

முன்னாளில் நம் நாட்டில் ஊருக்கொரு மரக்கால் வழங்கிற்று. ஓரூரில் நெல்லை அளந்து வாங்கிய வணிகன் மற்றோரூரில் அதனை அளந்து விற்கும்போது, இரண்டு மரக்கால்களுக்கும் இடையேயுள்ள வேற்றுமையைக் கணக்கிட்ட பின்னரே தனக்குக் கிடைத்தது ஊதியமா இழப்பா என்பதை அறிவான். அவ்வவ்வூர் மரக்கால் அவ்வவ்வூராருக்கு யாதொரு குறையுமின்றிப் பயன்பட்டது. ஊர்விட்டு ஊர் செல்வோருக்கே அது தொல்லையாயிற்று. 1956-ஆம் ஆண்டில் நிறை, அளவைகளுக்கெனப் பொதுச் சட்டம் இயற்றப்பட்டது இத்தொல்லையை நீக்குதற்பொருட்டேயாம். மரக்காலைப் பற்றி இங்கு உரைப்பானேன் என வாசகர்கள் வினவலாம். கணிப்பொறியின் கம்பியில்லாத் தொடர்புத் துறையிலும் இதே வழக்கு இன்று நடந்துகொண்டிருக்கிறது என்பதையும், அவ்வழக்கில் நம் மாணவர்கள் எப்பக்கம் நிற்றல் தகும் என்பதையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்விஷயத்தில் என் சிந்தையைத் தூண்டிய நிகழ்ச்சி ஒன்றை முதற்கண் கூறுதல் வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் இறுதி வகுப்பு மாணவர் ஒருவர், விடுதியின் எவ்வெவ் அறையில் வைஃபை அலை வலிமை குன்றியிருக்கிறது என்பதை அளந்து படமாகக் காட்டும் மென்பொருள் ஒன்றை லினக்ஸ் கணிப்பொறியில் இயற்றினார். ஆறு திங்கள் இரவு பகலாக உழைத்தார். அப்போது எங்கள் கூடத்தில் இருந்த கம்பியில்லாக் கருவிகளின் உற்பத்தியாளர் தந்த கையேட்டில், அலை வலிமையை அறிதற்கு அந்நிறுவனத்திற்கே உரிய தனிக்கட்டளைகள் சில கூறப்பட்டிருந்தன. மாணவரும் அவற்றையே நம்பித் தம் மென்பொருளைக் கட்டினார். அது நன்கு இயங்கிற்று, நாங்களும் பாராட்டினோம். மறு ஆண்டு அக்கருவிகள் பழுதாயின. அதே வகை கடையில் கிடைக்கவில்லை. வேறொரு நிறுவனத்தின் கருவிகளை வாங்கினோம். அன்றே அம்மென்பொருள் ஊமையாயிற்று. மற்றொரு மாணவி, பொதுக் கட்டளைகளைக் கொண்டு விளையாட்டாக எழுதி வைத்த நூறு வரிச் சிறு மென்பொருளோ, பழைய கருவியிலும் புதிய கருவியிலும் வேற்றுமையின்றி இயங்கிற்று, இன்றும் இயங்குகிறது. அறிவிலும் உழைப்பிலும் முன்னவர் குறைந்தவரல்லர். அவர் தட்டிய கதவு வேறு, அவ்வளவே.

இவ்வேற்றுமையின் காரணத்தை அறிதற்கு, கணிப்பொறிக்குள் இயக்கி என்பது யாது என்பதைச் சிறிது விளக்குவாம். கம்பியில்லாச் சில்லு ஒவ்வொன்றும் தன் தன் போக்கில் அமைந்தது. அதன் எப்பதிவேட்டில் எவ்வெண்ணை எழுதினால் எவ்வலைவரிசைக்கு மாறும் என்பது அதனை ஆக்கியவரே அறிவர். அச்சில்லோடு அதன் மொழியிலேயே உரையாடும் மென்பொருட் பகுதிக்கு இயக்கி என்று பெயர். இயக்கி, இயங்குதளத்தின் நடுவாகிய கெர்னலுக்குள் இருந்து வேலை செய்வது. நாம் எழுதும் சாதாரண மென்பொருள்களோ கெர்னலுக்கு வெளியே இருப்பவை. வெளியே உள்ளவை உள்ளே உள்ளதனிடம், 'அருகிலுள்ள வலைகளைத் தேடு', 'இன்ன வலையோடு இணைந்துகொள்', 'அலை வலிமை எவ்வளவு?' என்றெல்லாம் கேட்பதற்கு ஒரு வாயில் வேண்டும். அவ்வாயிலையே இடைமுகம் என்கிறோம். எல்லாச் சில்லுகளுக்கும் ஒரே வகையாக அமைந்த வாயில் பொது வாயில். இன்ன உற்பத்தியாளரின் சில்லுக்கு மட்டுமே திறப்பது தனி வாயில். இவ்விரண்டில் எது நன்று என்பதே வழக்கு.

வழக்கின் வரலாற்றைச் சற்றே காண்போம். பின்லாந்து நாட்டில் ஹெல்சிங்கி சர்வகலாசாலை மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்டது 1991-ஆம் ஆண்டில். கம்பியில்லா வலைக்குரிய 802.11 என்னும் பொது நியமம் வெளிவந்தது 1997-ஆம் ஆண்டில். அக்காலத்தை ஒட்டியே, ஹியூலெட்-பக்கார்ட் நிறுவனத்தின் ஆய்வகத்தில் இருந்த ஷான் தூரில் என்பார், லினக்ஸுக்கு 'ஒயர்லெஸ் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்னும் முதற் பொது வாயிலை அமைத்தார். வலையின் பெயர், அலைவரிசை, மறைகுறி முதலியவற்றைக் கேட்கவும் மாற்றவும் அதில் வழி இருந்தது. அம்முயற்சி பெரிதும் பாராட்டத் தக்கதே. ஆயினும், பொதுவில் அடங்காதவற்றிற்கென்று, ஒவ்வோர் இயக்கியும் தன் விருப்பம்போல் பொருள் கொள்ளத்தக்க 32 தனி எண்கள் அதில் ஒதுக்கப்பட்டிருந்தன. ஓர் இயக்கியில் ஒரு பொருள் தரும் எண் மற்றோர் இயக்கியில் முற்றும் வேறு பொருள் தரும். பெயரில் மட்டும் அவை ஓரினம். பயனிலோ ஊருக்கொரு மரக்கால்.

இதன் விளைவு விரைவிலேயே வெளிப்பட்டது. 802.11 நியமத்தின் பழைய மறைகுறி முறையாகிய வெப் என்பது நம்பத்தகாதது என்று ஃப்ளூரர், மான்டின், ஷமீர் என்னும் மூவர் 2001-ஆம் ஆண்டில் நிறுவினர். அதற்கு மாற்றாக 2003-ஆம் ஆண்டில் டபிள்யூ.பி.ஏ. என்னும் புது முறை வந்தது. இப்புது முறையை லினக்ஸில் வழங்கும்பொருட்டு யௌனி மாலினன் என்னும் பின்லாந்து அறிஞர் எழுதிய மென்பொருளே, இன்று உலகெங்கும் கணிப்பொறிகளிலும் கைபேசிகளிலும் வழங்கும் டபிள்யூ.பி.ஏ. சப்ளிகன்ட் என்பதாம். அதன் பழைய பதிப்புகளைத் திறந்து பார்ப்போர் ஒரு வியப்பைக் காண்பர். ஹோஸ்ட் ஏ.பி. இயக்கிக்கு ஒரு கோப்பு, மேட்வைஃபைக்கு ஒரு கோப்பு, ஆட்மெலுக்கு ஒன்று, இன்டெலின் இயக்கிகளுக்கு ஒன்று, என்.டி.ஐ.எஸ். ராப்பருக்கு ஒன்று, எல்லாவற்றின் பின்னர்ப் பொது வாயிலுக்கு ஒன்று என, செய்யும் வேலை ஒன்றே ஆகவும் செய்யும் கோப்புகள் பலவாக இருந்தன. உலகிலுள்ள அத்தனை மரக்கால்களையும் ஒரே வணிகன் தன் மூட்டையிற் கட்டிச் சுமந்ததற்கு இது நிகரன்றோ?

உள்ளேயும் இதே நிலைதான். அலைத்துணுக்குகளைக் கோத்தல், தவறியதை மறுபடி அனுப்புதல், வலையோடு சேர்தற்குரிய உரையாடலை நடத்துதல் ஆகிய வேலைகள் எச்சில்லுக்கும் பொதுவானவை. ஆயினும் அவற்றை இயக்கிதோறும் தனித்தனியே எழுதி வைத்திருந்தனர். ஒன்றில் கண்ட பிழையைத் திருத்தினால் மற்றொன்றில் அது திருந்துவதில்லை. டிவைஸ்கேப் என்னும் நிறுவனம் தான் இயற்றிய பொதுப்பகுதியைத் திறமூலமாக 2006-ஆம் ஆண்டில் வழங்கிற்று. அதனைப் பலர் கூடிச் சீர்செய்து, மேக்80211 என்னும் பெயரால் 2007-ஆம் ஆண்டு ஜூலையில் வெளிவந்த லினக்ஸ் 2.6.22 பதிப்பிற் சேர்த்தனர். அதனை ஒட்டியே, ஜெர்மானியராகிய யோஹானஸ் பெர்க் என்பாரின் முயற்சியால், சி.எஃப்.ஜி.80211 என்னும் பொது அடுக்கும், என்.எல்.80211 என்னும் புதிய பொது வாயிலும் தோன்றின. இப்புது வாயிலில் ஒவ்வொரு கட்டளைக்கும் பொருள் இன்னது என வரையறுக்கப்பட்டது. உள்ளிருக்கும் சில்லு யாருடையதாயினும், வெளியிலிருந்து கேட்பவன் ஒரே மொழியிற் கேட்கலாம் என்னும் நிலை மெல்ல மெல்ல உண்டாயிற்று.

இதனால் விளைந்த நன்மையை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். ஏத்திராஸ் நிறுவனத்தின் சில்லுகளுக்குரிய ஏ.டி.எச்.9கே என்னும் இயக்கி 2008-ஆம் ஆண்டு அக்டோபரில் லினக்ஸ் 2.6.27 பதிப்போடு வெளிவந்தது. அது மேக்80211-இன்மேல் அமைந்தது. பத்தாண்டு கழித்து, 2018-ஆம் ஆண்டில், டபிள்யூ.பி.ஏ.3 என்னும் மேலும் வலிய காவல் முறை அறிவிக்கப்பட்டது. அதற்கு வேண்டிய புதுப் பகுதிகள் பொது அடுக்கிலும் வெளி மென்பொருளிலும் சேர்ந்தமையால், அவ்வியக்கியைக் கொண்ட பழைய சில்லுகள் பலவும் அப்புது முறையில் இயங்கும் தகுதி பெற்றன. அச்சில்லை விற்றவர் அதனை மறந்திருக்கலாம். வாங்கிய ஏழை மாணவன் மறக்கப்படவில்லை. பொது வாயிலின் சிறப்பு இதனினும் தெளிவாக விளங்குவது அரிது.

இவ்வாறாயின் தனி வாயிலை அறவே மூடிவிட்டால் என்னை என்று கேட்கலாம். வழக்கின் மறுபக்கத்தையும் நடுவுநிலையோடு கேட்டல் கடமையாதலின், அப்பக்கத்தார் கூறுவனவற்றை ஈண்டுத் தருகிறேன்.

அவர்கள் முதலாவதாகக் கூறுவது: புதுமை யாவும் முதலில் ஒருவரிடத்தே தோன்றுவது. ஒரு நிறுவனம் தன் சில்லில் புதியதோர் ஆற்றலை அமைக்கும்போது, அஃது உலகில் வேறெவரிடத்தும் இல்லை. இல்லாத பிறருக்கும் பொருந்துமாறு பொது வாயில் அமை என்பது, பிறவாத குழந்தைக்குச் சட்டை தைக்கச் சொல்வது போலாம்.

இரண்டாவதாகக் கூறுவது: முதிராத நிலையிற் செய்யும் பொதுமை, தனிமையினும் தீயது. முன் கூறிய ஒயர்லெஸ் எக்ஸ்டென்ஷன்ஸே இதற்குச் சான்று. அதிற் பொதுவென அமைத்த கட்டளைகளிலும் சிலவற்றின் பொருள் தெளிவாக வரையறுக்கப்படாமையால், இயக்கிதோறும் வெவ்வேறு வகையாகக் கொள்ளப்பட்டன. லினக்ஸின் மரபிலோ, வெளி மென்பொருள்களுக்கு ஒருமுறை தந்த வாயிலைப் பின்னர் மூடுவது பெருங்குற்றமாகக் கருதப்படும். 1997-ஐ ஒட்டித் தோன்றிய அவ்வாயிலைக் குறித்து, 'வைஃபை 7 கருவிகளில் இது வேலை செய்யாது. புதிய வாயிலுக்கு மாறுக' என்னும் எச்சரிக்கையைக் கெர்னல் எழுதத் தொடங்கியதே 2023-ஆம் ஆண்டில்தான். அவசரத்தில் அமைத்த பொதுவாயிலின் சுமையைக் கால் நூற்றாண்டு சுமக்க வேண்டியதாயிற்று.

மூன்றாவதாகக் கூறுவது: காலம். பொருளை விற்போருக்கு நாள் குறிக்கப்பட்டிருக்கிறது. எல்லாரும் கூடி ஒப்பும் வரை காத்திருப்பின், சந்தை கலைந்துவிடும்.

இம்மூன்றும் வெறும் சாக்குகளல்ல. இவற்றின் நியாயத்தை உணர்ந்தே, என்.எல்.80211 வாயிலிலும் உற்பத்தியாளர்க்கென ஒரு சிறு திட்டிவாசல் அமைக்கப்பட்டது. 2014-ஆம் ஆண்டு மார்ச்சில் வெளிவந்த லினக்ஸ் 3.14 பதிப்பில் அது சேர்ந்தது. ஒவ்வொரு நிறுவனத்திற்கும் ஐ.இ.இ.இ. சங்கத்தார் வழங்கும் 24 பிட் அடையாள எண்ணையும், அதன்கீழ் அந்நிறுவனமே வைத்துக்கொள்ளும் கட்டளை எண்ணையும் கொடுத்தால், கெர்னல் அதனுள்ளிருப்பதை ஆராயாது உரிய இயக்கியிடம் சேர்த்துவிடும். எவர் கட்டளை எவருடையது என்னும் குழப்பமேனும் இதனால் நீங்கிற்று. பழைய 32 எண்களின் காலத்தினும் இது திருத்தமான ஏற்பாடு என்பதில் ஐயமில்லை.

ஆயின் நடந்தது யாது? திட்டிவாசல் பலவிடத்தும் தலைவாசல் ஆயிற்று. ஆண்ட்ராய்டுக் கைபேசிகளின் வைஃபை அடுக்கு இவ்வழியைப் பெரிதும் கைக்கொண்டது. குவால்காம் நிறுவனத்தின் தனிக்கட்டளைகளின் பட்டியல் வெளிப்படையாகவே கிடைக்கிறது. அதிலுள்ள கட்டளைகள் இருநூற்றுக்கு மேற்பட்டவை. பட்டியலை மறையாது வெளியிட்டமைக்கு அவர்களைப் பாராட்டுதல் தகும். எனினும் அதனைப் படித்துச் செல்வோர், அவற்றுட் பல அந்நிறுவனத்தின் சில்லுக்கே உரிய இயல்புகளல்ல, எவர் சில்லுக்கும் வேண்டப்படுவனவே என்பதை உணர்வர். தகுந்த அலைவரிசையைத் தானே தேர்ந்துகொள்ளுதல் அவற்றுள் ஒன்று. இஃது ஒருவருக்கு மட்டும் உரிய தேவையோ?

இனி, என் கருத்துக்கு ஆதாரமாக நான் கொள்ளும் சான்றைக் கூறுகிறேன். கைபேசி, மடிக்கணினி முதலியவை வெளியிடும் வானொலி அலையின் ஆற்றலில் ஒரு பகுதியை நம் உடல் உறிஞ்சுகிறது. அதற்கு அரசாங்கங்கள் எல்லை வகுத்துள்ளன. அமெரிக்காவில் ஒரு கிராம் திசுவின் சராசரியாகக் கிலோகிராமுக்கு 1.6 வாட் என்பது எல்லை. 2012-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் இந்தியாவிலும் கைபேசிகளுக்கு அதுவே எல்லை. மேசைமேல் இருக்கும்போது மடிக்கணினி சற்று வலிய அலையை வெளியிடலாம். அதனையே மடித்துப் பலகையாகக் கையிற் பிடிக்கும்போது அலையின் வலிமையைக் குறைத்தல் வேண்டும். 'இப்பொழுது உடலுக்கு அருகில் இருக்கிறேன், வலிமையைக் குறை' என இயக்கியிடம் சொல்வதற்கு ஒரு வாயில் தேவைப்பட்டது. 2019-ஆம் ஆண்டில், குவால்காம் சில்லுகளுக்கு மட்டும் உரிய தனிக்கட்டளையாகவே அது முன்மொழியப்பட்டது. கெர்னலைப் பேணுவோர், உடல்நலத்திற்குரிய எல்லை எல்லாச் சில்லுக்கும் ஒன்றன்றோ, இதற்குத் தனி வாயில் எதற்கு என்னும் நோக்கில் அதனைப் பொதுவாக்கும்படி கேட்டனர். மொழிந்தவர்கள் வேலையைத் திரும்பச் செய்தனர். 2021-ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளிவந்த லினக்ஸ் 5.11 பதிப்பில் அது பொதுக் கட்டளையாகவே இடம் பெற்றது.

அதன் பின் நிகழ்ந்ததே கவனிக்கத் தக்கது. அவ்வாண்டிலேயே ரியல்டெக், மீடியாடெக் என்னும் வேறிரு நிறுவனங்களின் இயக்கிகளும் அப்பொதுக் கட்டளையை ஏற்கத் தொடங்கின. தனிக்கட்டளையாகவே விட்டிருந்தால், மடிக்கணினி செய்வோர் ஒவ்வொரு சில்லுக்கும் ஒவ்வொரு விதமாக அம்மென்பொருளை எழுதியிருப்பர். ஏதேனும் ஒன்றில் எழுத மறந்திருந்தால், அதன் விளைவைக் கணிப்பொறியன்று, அதனைக் கையிற் பிடித்தவரே ஏற்றிருப்பார். காத்திருந்த காலம் ஓராண்டுக்கு மேல் என்பது உண்மை. அக்காலம் வீணாயிற்று என்று என்னால் ஒப்ப முடியவில்லை.

மற்றொரு சான்றும் உண்டு. வைஃபை அலை சென்று மீளும் நேரத்தைக் கொண்டு இரு கருவிகளுக்கும் இடையேயுள்ள தூரத்தை அளக்கும் முறை 802.11 நியமத்தின் 2016-ஆம் ஆண்டுப் பதிப்பில் திருத்தமாக வகுக்கப்பட்டது. ஆண்ட்ராய்டில் இதற்குத் தனிக்கட்டளை வழியே முதலில் கையாளப்பட்டது. பலரும் அதனைச் செய்யத் தொடங்கி, அதன் இயல்பு நன்கு விளங்கிய பின்னர், 2019-ஆம் ஆண்டு மார்ச்சில் வெளிவந்த லினக்ஸ் 5.0 பதிப்பில் அதற்கெனப் பொதுக் கட்டளை அமைந்தது. இங்குத் தனி வாயில் தீங்கு செய்யவில்லை; பொது வாயிலுக்குப் பயிற்சிக் களமாக நின்றது. மறுபக்கத்தார் கூறிய முதல் நியாயம் உண்மையே என்பதற்கு இதனையும் காட்டுதல் நேர்மையாகும்.

இவ்விரண்டு சான்றுகளையும் ஒருங்கு நோக்குமிடத்து, வழக்கின் தீர்ப்பு புலனாகிறது. தனி வாயில் தன்னளவிற் குற்றமுடையதன்று. அது தங்குமிடமாதலே குற்றம். நாற்றங்கால் வேண்டியதே, ஆனால் நாற்றைப் பிடுங்கி வயலில் நடாமல் நாற்றங்காலிலேயே விட்டுவிடும் உழவன் அறுவடை காண்பதில்லை.

தனி வாயிலைத் தங்குமிடமாக்குவதால் நேரும் இழப்பு நால்வகைப்படும். முதலாவது, உழைப்பின் இழப்பு. என் மாணவரின் ஆறு திங்களே அதற்குச் சாட்சி. இரண்டாவது, தேர்வுரிமையின் இழப்பு. மென்பொருள் ஒரு நிறுவனத்தின் கட்டளையைப் பற்றி நிற்குமாயின், கருவி வாங்குவோரும் அந்நிறுவனத்தையே பற்றி நிற்க வேண்டும். திறமூலம் என்னும் பெயர் மட்டும் எஞ்சும். அதன் பயனாகிய விடுதலை எஞ்சாது. மூன்றாவது, காவலின் இழப்பு. உள்ளிருப்பதை ஆராயாமல் கெர்னல் கடத்திவிடும் கட்டளையில் ஒழுங்கற்ற தரவு புகுமாயின், அதனைத் தடுக்கும் பொறுப்பு அவ்வவ்வியக்கியின் தலைமேல் விழுகிறது. இதனை உணர்ந்தே, தனிக்கட்டளைகளும் தாம் ஏற்கும் தரவின் வடிவை முன்கூட்டி அறிவித்தல் வேண்டும் என்னும் விதி 2019-ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்டது. நான்காவது, அறிவின் இழப்பு. பொது வாயிலைக் கற்றவன் எங்குச் சென்றாலும் அக்கல்வி உடன் செல்லும். தனி வாயிலைக் கற்றவனின் கல்வி அச்சில்லோடு மடியும்.

ஆதலின், தனி வாயில் ஒன்றை அமைக்க விரும்புவோரிடம் நான்கு வினாக்களைக் கேட்டல் முறை என்பது என் அபிப்பிராயம். ஒன்று: இக்கட்டளை சில்லின் உள்ளமைப்பைப் பற்றியதா, மக்களின் தேவையைப் பற்றியதா? அலையை வெளியிடும் உறுப்பின் வெப்பநிலையை ஆக்குவோர் சோதித்தல் போல்வன முன்னது; தனி வழியில் இருக்கட்டும். வலிமையைக் குறைத்தல், தூரத்தை அளத்தல் போல்வன பின்னது. பொது வழிக்கு வரட்டும். இரண்டு: கட்டளையின் பொருள் யாவரும் படிக்கத்தக்க வகையில் எழுதி வெளியிடப்பட்டுள்ளதா? மூன்று: அதனை ஏற்கும் இயக்கி கெர்னலின் பொது மூலத்திலேயே உள்ளதா, அன்றி எங்கோ மறைந்துள்ள ஒன்றிற்குக் கதவு மட்டும் கேட்கப்படுகிறதா? நான்கு: இரண்டாவது நிறுவனம் ஒன்று இதே வேலையைச் செய்யத் தொடங்கும் நாளில், இதனைப் பொதுவாக்குவதற்கு இதனை மொழிந்தவர்களே முன்வந்து உழைப்பார்களா? நான்கிற்கும் தக்க விடை கூறுவோருக்குத் திட்டிவாசலைத் திறந்துவிடலாம். கூறமாட்டாதார் தலைவாசலிலே காத்திருத்தலே நன்று.

இவ்வாறு கேட்பது நிறுவனங்களின்மேல் பகைமை கொள்வதாகாது. மேக்80211-க்கு வித்திட்டதும் ஒரு நிறுவனமே. முதற் பொது வாயிலை அமைத்தவருக்கு இடமளித்ததும் ஒரு நிறுவனமே. பிராட்காம் நிறுவனம் பல்லாண்டு தன் சில்லின் மறைகளை வெளியிடாதிருந்தமையால், ஆர்வலர்கள் அச்சில்லின் நடத்தையை ஆராய்ந்தே 2006-ஆம் ஆண்டில் ஓர் இயக்கியை லினக்ஸுக்குள் கொணர்ந்தனர். 2010-ஆம் ஆண்டில் அந்நிறுவனமே தன் புதிய சில்லுகளுக்குத் திறமூல இயக்கியை வெளியிட முன்வந்தது. கதவைத் திறக்கத் தயங்குவோர் என்றும் தயங்கியே நிற்பதில்லை. ஆனால் தானே திறக்கும் என வாளாவிருந்தோரால் எக்கதவும் திறந்ததில்லை.

மாணவ மாணவியரே! உங்களுட் பலர் நாளை இத்தகைய நிறுவனங்களிலேயே பணி புரியப் போகிறீர்கள். 'விரைவில் முடிக்க வேண்டும், இப்போதைக்குத் தனிக்கட்டளையாக எழுதிவிடு' என்று மேலாளர் கூறும் நாள் உங்களுக்கும் வரும். அன்று அவரிடம் மறுத்துப் பேசுதல் எளிதன்று என்பதை நான் அறிவேன். எனினும், 'இதனைப் பொதுவாக்க இன்னின்ன வேலை எஞ்சியுள்ளது' என்று ஒரு குறிப்பையேனும் எழுதி வையுங்கள். ஓய்வு கிடைக்கும்போது அவ்வேலையைத் தொடங்குங்கள். இன்று கலாசாலையில் இருக்கும்போதோ, உங்கள் மென்பொருளைப் பொது வாயிலின்மேலேயே கட்டுங்கள். பொது வாயிலிற் குறை கண்டால், அதனைச் சுற்றிக்கொண்டு செல்லாமல், அக்குறையைத் திருத்த முயலுங்கள். அதன் மூலம் எவருக்கும் திறந்தே இருக்கிறது. திருத்தம் அனுப்புவோரின் பட்டத்தையோ ஊரையோ அங்கு எவரும் கேட்பதில்லை.

கூடத்திற்குக் கருவி வாங்கும் எம்போன்ற ஆசிரியர்க்கும் கடமை ஒன்று உண்டு. விலையை மட்டும் நோக்கி வாங்காமல், இதன் இயக்கி கெர்னலின் பொது மூலத்தில் உள்ளதா, பொது வாயிலை ஏற்கிறதா என்று கேட்டு வாங்குதல் வேண்டும். அன்று நான் அவ்வாறு கேட்டிருப்பின், ஒரு மாணவரின் ஆறு திங்கள் உழைப்பு வீணாகியிராது. அக்குற்றத்தில் எனக்கும் பங்குண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. அம்மாணவர் இப்போது வெளியூரில் நல்ல வேலையில் இருக்கிறார். சென்ற திங்கள் எனக்கு எழுதிய கடிதத்தில், தம் பழைய மென்பொருளைப் பொது வாயிலின்மேல் புதிதாக எழுதி முடித்ததாகத் தெரிவித்திருக்கிறார். இம்முறை பதினொரு நாட்களே ஆயினவாம். விடுதியின் வடகோடி அறைகளில் அலை வலிமை குன்றியிருப்பதை அது நேற்று எங்களுக்குக் காட்டிற்று. அங்கு ஓர் அலைப்பெட்டி வைக்குமாறு அலுவலகத்திற்கு எழுதியிருக்கிறோம்.